ரயிலுக்காகக் கட்டிய நிலையம்

சான் ஃபிரான்சிஸ்கோவின் மிஷன் தெருவில் 1939 ஜனவரியில் திறந்த டிரான்ஸ்பே டெர்மினலை முதலில் ரயிலுக்காகத்தான் கட்டினார்கள். வளைகுடாப் பாலத்தின் கீழ்த்தளத்தில் தண்டவாளம் போட்டு, ஓக்லண்ட் பக்கத்து மின்ரயில்களை நகரின் நடுவிலேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள். உலகப் போரின்போது பெட்ரோலும் டயரும் ரேஷனில் இருந்ததால் கூட்டம் அலைமோதியது. உச்சத்தில் ஆண்டுக்கு 2.6 கோடிப் பேர். போர் முடிந்ததும் ஊரே காருக்கு மாறியது. 1958 ஏப்ரலில் கடைசி ரயில் போனது. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து, அந்தத் தளத்தையும் லாரிகளுக்கும் கார்களுக்கும் விட்டார்கள். நிலையம் பேருந்துக்கு ஆயிற்று. அந்த ஊர் செய்த பெரும் பிழைகளில் அது ஒன்று என்பேன். இன்றுவரை அதற்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1989-இல் லோமா ப்ரியெட்டா நிலநடுக்கம் கட்டடத்தைச் சேதப்படுத்தியது. அருகில் இருந்த உயர்மட்ட நெடுஞ்சாலையையும் பிறகு இடித்தார்கள். அதனால் காலியான அரசு நிலங்களை விற்று வரும் பணத்தில் புது நிலையம் எழுப்புவது என்று முடிவாயிற்று. ஒரு மனை மட்டும் 19.2 கோடி டாலருக்குப் போனது. இன்று அதில் 326 மீட்டர் உயரத்துக்கு சேல்ஸ்ஃபோர்ஸ் கோபுரம் நிற்கிறது. பொது நிலம் பொதுப் போக்குவரத்துக்கே பணமானது, நல்ல ஏற்பாடு. ஆனால் 2010 ஆகஸ்டில் பழைய நிலையத்தை மூடியபோது, அங்கே இரவைக் கழித்துவந்த வீடற்றவர்களுக்கு அந்த நிழலும் போயிற்று. எந்த வரைபடத்திலும் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை.

அடித்தளம் தோண்டும்போது ஒரு கிரேன் ஓட்டுநர் கண்ணில் மாமத யானையின் பல் பட்டது. அதே பள்ளத்தில்தான் ரயில் நடைமேடைக்கான இடத்தையும் அமைத்தார்கள். 2018 ஆகஸ்டில், 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, நிலையம் திறந்தது. மொட்டை மாடியில் 5.4 ஏக்கர் பூங்கா. கீழே பேருந்து ஓட ஓட, மேலே அதே வரிசையில் நீரூற்றுகள் ஒவ்வொன்றாகப் பீறிடும். குழந்தைகள் அவற்றின் பின்னாலேயே ஓடலாம்.

ஆறே வாரத்தில், கூரைப் பலகை பொருத்திக்கொண்டிருந்த தொழிலாளர்கள் ஃப்ரீமாண்ட் தெருவுக்கு மேலிருந்த எஃகு உத்தரத்தில் விரிசலைக் கண்டார்கள். பக்கத்து உத்தரத்திலும் அதே கதை. நிலையத்தை மூடிவிட்டார்கள். வெல்டிங் செய்வதற்கு வழிவிட்டு, நான்கு அங்குலத் தடிமனுள்ள தகட்டில் துளை போட்டிருந்தார்கள். சுடரால் வெட்டிய அந்த ஓரம் இறுகி, எளிதில் உடையும் தன்மை பெற்று, மயிரிழை வெடிப்புகள் விட்டிருந்தது. பாரம் ஏறியதும் அவை பிளந்துகொண்டன. தகடுகளை போல்ட் போட்டு இறுக்கி, மற்ற உத்தரங்களையும் சோதித்து முடிக்க மாதக்கணக்கில் ஆயிற்று. பேருந்துகள் திரும்பிவர 2019 ஆகஸ்ட் ஆனது. பலகை பொருத்தி முடித்திருந்தால் விரிசல் கண்ணில் பட்டிருக்காது. அன்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அந்த ஊர் கடமைப்பட்டிருக்கிறது.

தரைக்குக் கீழே இரண்டு தளங்கள் இன்னும் ரயிலுக்காகக் காத்திருக்கின்றன. தெற்கிலிருந்து வரும் கால்ட்ரெயின் என்ற புறநகர் ரயில் சுமார் இரண்டு கிலோமீட்டருக்கு முன்னாலேயே, நாலாம் தெருவில் நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியைச் சுரங்கமாக இணைக்கும் திட்டத்துக்கு 800 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பூங்காவுக்கும் கோபுரத்துக்கும் கிடைத்த அவசரம் இந்தச் சுரங்கத்துக்குக் கிடைக்கவில்லை. அது வரும்வரை, ரயிலில் வருகிறவர்கள் நாலாம் தெருவில் இறங்கி, மீதித் தூரத்தை நடந்தோ பேருந்து பிடித்தோதான் கடக்க வேண்டும்.