மலையேறாத வினாத்தாள்

தேர்தல் கணிப்பின் கதையை 1936இலிருந்து சொல்வது வழக்கம். அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் சுமார் 1 கோடி அட்டைகளை அனுப்பி, திரும்பி வந்த 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றை எண்ணி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. மிகச் சிறிய மாதிரியை வைத்து, அவர் வெல்வார் என்றார் ஜார்ஜ் கேலப். வென்றார். இதழின் பட்டியல் தொலைபேசியும் காரும் உள்ளவர்கள் பக்கம் சாய்ந்திருந்தது.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உள்ள கல்வராயன் மலையை நினைக்கும்போது இந்தப் பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது. மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. நெருக்கடி நிலையின்போது, 1976இல்தான் அரசின் கைக்கு வந்தது. அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தை நினைக்க வேண்டாம்) முதன்முதலாக வாக்களித்தது 1996இல் என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் 2024இல் எடுத்துரைக்கப்பட்டது. எரிக் டகோஸ்டா இந்திய வாக்காளரின் மனத்தை அளக்கத் தொடங்கியதோ 1950களில்! அளப்பதற்கு இங்கே வாக்காளரே இல்லை.

2016 சட்டமன்றத் தேர்தலில் கணிப்புகள் பலவும் திமுகவுக்கே ஆட்சி என்றன, அதிமுக வென்றது. இரு அணிகளின் வாக்கு வேறுபாடு ஏறத்தாழ 1 சதவீதம். ஆயிரம் பேரைக் கேட்கும் மாதிரியின் பிழையோ இருபுறமும் 3 சதவீதம். இந்த நுண்கணக்கில் மலை எங்கே? அது சங்கராபுரம் தொகுதியில் ஒரு மூலை. கேட்பவர் அடிவாரத்திலேயே படிவங்களை நிரப்பிக்கொண்டு திரும்பினாலும் மாநிலக் கணக்கு அசையாது. வெள்ளிமலைக்காரர் என்ன நினைக்கிறார் என்பது மட்டும் தெரியாமல் போகும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன் பிறகுதான் அம்மக்களின் வாழ்நிலை குறித்து நீதிமன்றம் தானாக முன்வந்து கேட்டது.