‘வேலையற்றோர்’ என்னும் எண்: சில குறிப்புகள்

திருவண்ணாமலை மாவட்டச் செய்திப் பக்கங்களில் அவ்வப்போது ஒரு எண் வருகிறது: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருப்போர் இத்தனை பேர். உள்ளே ‘பதிந்தோர்’ என்றிருப்பது பல சமயம் தலைப்புக்கு ஏறும்போது ‘வேலையில்லாதோர்’ ஆகிவிடுகிறது. சார்பு என்று நான் சொல்வது இதைத்தான். பதிவு என்பது பெரும்பாலும் அரசு வேலைக்கான வரிசை. கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டே மூன்றாண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பிப்பவர் அதில் உண்டு. மல்லாட்டை பிடுங்கப் போகிற, பதிவே செய்யாத கூலிப்பெண் அதில் இல்லை.

எது வேலை என்பதை அரசும் மாற்றி மாற்றித்தான் சொல்லியிருக்கிறது. 1961 சென்சஸில், பருவத்தின் பெரும்பகுதி நாளும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைத்தவர் தொழிலாளி. 1971இல் ‘முக்கிய வேலை எது?’ என்று கேட்டார்கள். ‘வீட்லதாங்க இருக்குது’ என்று புருஷன் சொல்லிவிட்டால் அவள் கணக்கிலிருந்து போனாள். இந்தியா முழுக்கப் பெண் தொழிலாளர் எண்ணிக்கை சுமார் 6 கோடியிலிருந்து 3 கோடியாகச் சுருங்கியது. பத்தாண்டில் பாதிப் பெண்கள் வயலைவிட்டுக் கரையேறிவிடவில்லை. பெரிதும் மாறியது வரையறைதான். கூலியில்லாத வயல்வேலையும் குடும்பத்தொழிலும் வேலைதான் என்று 1991 கேள்வித்தாளில் எழுதியே வைக்கவேண்டி வந்தது. ஆரணியில் தறிக்குத் தார் சுற்றும் பெண்ணுக்கு அப்போதுதான் அந்தக் கேள்வியில் ஓர் இடம் கிடைத்தது.

1981இல் இன்னொரு கோடு போட்டார்கள். ஆண்டில் 183 நாள் உழைத்தவர் முதன்மைத் தொழிலாளி, குறைந்தால் ‘மார்ஜினல்’. நாம் விளிம்புநிலை என்று தத்துவம் பேசும் சொல், அங்கே வெறும் நாள்கணக்கு. நூறுநாள் வேலைத்திட்டம் 2006இல் முதற்கட்டமாக வந்த ஆறு தமிழக மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. அந்த நூறையும் முழுசாகப் பெற்றவர்கூட, வேறு வேலை இல்லையென்றால் இந்தக் கோட்டுக்குக் கீழேதான். இந்த மாவட்டமே வட ஆற்காட்டிலிருந்து பிரிந்தது 1989 செப்டம்பர் 30இல். ‘முன்பைவிட’ என்று எழுதும் நிருபர், எந்த நிலப்பரப்பை, எந்த வரையறையை ஒப்பிடுகிறார்?

கணக்கு கைவிடும் இடத்தில் செய்தித்தாளின் சொல் வந்து உட்காருகிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தார். செய்திகளில் இரண்டு சொற்கள் மோதின: ‘செம்மரக் கடத்தல்காரர்’, ‘கூலித் தொழிலாளி’. முதல் சொல் விஷயத்தை வழக்கு எண்ணோடு முடித்துவிடுகிறது. இரண்டாவது, ஜவ்வாது மலையில் மழையை நம்பிச் சாமை விதைக்கிறவனுக்கு வருஷத்தில் எத்தனை நாள் வேலை என்று கேட்க வைக்கிறது. வேலைவாய்ப்புப் பக்கத்தில் வந்திருக்க வேண்டியவன் குற்றச்செய்தியில்தான் வந்து சேர்ந்தான்.

எண்ணே வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே ஒரு வரி சேர்க்கட்டும்: யாரைக் கேட்டது, எந்தக் காலத்துக்கு, எதை வேலை என்று கொண்டது. அந்த ஒரு வரி இருந்தால், யார் விடுபட்டார்கள் என்பதை வாசகரே கண்டுகொள்வார்.