சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்!

உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா? நேற்று ராத்திரி அதன் தட்டில் என்ன விழுந்தது? மிச்சமிருந்த சாம்பார் சாதம். இல்லாவிட்டால் ரசம் சாதம். நாய்க்கென்று தனிச் சமையல் நம் ஊரில் ஏது? நாம் சாப்பிட்டது போக மீதி அதற்கு. தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்.

அந்தத் தட்டில் இருக்கும் இரண்டு சாமான்கள் மீது புகார் உண்டு. ஒன்று வெங்காயம். அது பழைய கேஸ். இன்னொன்று புளி. அதன் பெயர் 2021-க்குப் பிறகுதான் அடிபட ஆரம்பித்தது. அதுவும் நேரடியாக இல்லை. திராட்சையைத் துரத்திக்கொண்டு போனவர்களிடம் புளி வந்து மாட்டிக்கொண்டது!

முதலில் வெங்காயம். 1930-ல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையில் வில்லியம் ஹென்றி செப்ரல் என்று ஒரு டாக்டர். சத்துக்குறைவால் வரும் பெல்லாக்ரா நோயை ஆராய்ந்த குழுவைச் சேர்ந்தவர். வெங்காயம் தின்ற நாய்களுக்கு ரத்தசோகை வருவதைக் கண்டுபிடித்து எழுதினார். வெங்காயத்தில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வதக்கினாலும் சரி, பொடி பண்ணினாலும் சரி, அந்தக் குணம் போகாது. பூண்டும் அதே குடும்பம்தான்.

திராட்சை விஷயம் இவ்வளவு சுலபமாகப் பிடிபடவில்லை. மேல்நாடுகளில் நாயைப் பழக்கும்போது, சொன்ன பேச்சைக் கேட்டால் ஒரு திராட்சை பரிசு கொடுப்பார்கள். பழம்தானே, உடம்புக்கு நல்லதுதானே!

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் அர்பானா நகரில், மிருகவதைத் தடுப்புச் சங்கத்தின் விஷ முறிவு ஆலோசனை மையம் இருக்கிறது. 'என் நாய் இதைத் தின்றுவிட்டது, என்ன செய்ய?' என்று மக்களும் மருத்துவர்களும் போன் செய்வார்கள். ஒவ்வொரு அழைப்பையும் ஆன்டாக்ஸ் என்ற கம்ப்யூட்டர் தொகுப்பில் பதிவு செய்வார்கள். என்னைப்போல் பி.காம். படித்தவர்கள் பாஷையில் சொன்னால், பேரேடு.

1990-களின் கடைசியில் அந்தப் பேரேட்டில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. நாய் திராட்சையோ உலர் திராட்சையோ தின்கிறது. சில மணி நேரத்தில் வாந்தி. ஓரிரு நாளில் கிட்னி படுத்துவிடுகிறது. ஒரு டாக்டர் ஒரு நாயை மட்டும் பார்த்தால், 'ஏதோ வியாதி' என்று விட்டுவிடுவார். எல்லா வரவும் ஒரே ஏட்டில் இருந்ததால்தான் கணக்கு புலப்பட்டது. 2001-ல் 10 நாய்களின் விவரத்தை அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்க இதழில் வெளியிட்டார்கள்.

சரி, திராட்சையில் எது விஷம்? பூச்சிமருந்தா என்று பார்த்தார்கள். இல்லை. பூஞ்சையா? இல்லை. உலோகமா? அதுவும் இல்லை. கடைப் பழமானாலும் தோட்டத்துப் பழமானாலும் ஒன்றுதான். இதைவிடக் குழப்பம், ஒரு நாய் கிலோ கணக்கில் தின்றுவிட்டு வாலாட்டும். இன்னொன்று ஒரு கைப்பிடியில் படுத்துவிடும். இப்படியே 20 வருஷம் ஓடியது.

துப்பு கிடைத்த இடம் என்ன தெரியுமா? குழந்தைகள் விளையாடும் மாவு உருண்டை! வீட்டிலேயே செய்தது. அதை ஒரு நாய் தின்றுவிட்டது. வழக்கமாக அதில் கவலைப்பட வேண்டியது உப்பைப் பற்றித்தான். ஆனால், இந்த நாய்க்குப் பழுதானது கிட்னி. அச்சு அசலாகத் திராட்சை தின்ற நாய் மாதிரியே. அதே மையத்தைச் சேர்ந்த டாக்டர் கோலெட் வெகெனாஸ்ட், மாவில் வேறென்ன சேர்த்தார்கள் என்று பார்த்தார். க்ரீம் ஆஃப் டார்ட்டார். கேக் செய்கிறவர்களுக்குத் தெரியும். ஒயின் தயாரிக்கும்போது படியும் உப்பிலிருந்து எடுக்கிற வெள்ளைப் பொடி. அதாவது, திராட்சையின் வாரிசு! 1769-ல் ஸ்வீடன் விஞ்ஞானி ஷீலே டார்டாரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்ததும் இதிலிருந்துதான்.

2021-ல் அதே இதழில் வெகெனாஸ்ட் குழு அறிவித்தது: திராட்சையில் குற்றவாளி பெரும்பாலும் டார்டாரிக் அமிலம்தான். ரகத்துக்கு ரகம், பழுக்கப் பழுக்க அதன் அளவு மாறும். அதனால்தான் ஒரு நாய் பிழைத்தது, ஒரு நாய் செத்தது. மனிதக் கிட்னி இந்த அமிலத்தைச் சமாளித்து வெளியே தள்ளிவிடும். நாயின் கிட்னியில் அதற்கான வழி சரியாக இல்லை என்பது விளக்கம். 2023-ல் பரிசோதனைக்கூடத்தில் நாயின் கிட்னி செல்கள்மீது இந்த அமிலத்தை விட்டுப் பார்த்தபோது, செல்கள் சேதமாயின.

'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' என்று போனதே ஒரு நரி... நாய்க்குச் சொந்தக்காரன். புளிப்பில்தான் வில்லங்கம் என்று அதற்குத் தெரிந்திருக்குமோ என்னவோ!

இப்போது நம் வீட்டுக்கு வாருங்கள். டார்டாரிக் அமிலம் ஏராளமாக உள்ள இன்னொரு பழம் எது? நம் புளி. புளி தின்று கிட்னி பழுதான நாய்களின் விவரத்தையும் அதே குழு வெளியிட்டுவிட்டது.

'போங்க சார், எங்க தெரு நாய் பத்து வருஷமா சாம்பார் சாதம்தான் சாப்பிடுது' என்பீர்கள். வாஸ்தவம். கரைத்த புளி வேறு, கட்டிப் புளி வேறு. ஒரு வாய் ரசத்துக்காக யாரும் அலற வேண்டாம். ஆனால், திராட்சை கொடுத்தவர்களும் 2001 வரை இதையேதான் சொன்னார்கள். நம் தெருவில் செத்துப்போன நாய்களுக்கு யார் பேரேடு எழுதினார்கள்? 'ரெண்டு நாளா வாந்தி எடுத்துச்சு, போயிடுச்சு' என்பதோடு கணக்கு முடிந்துவிடும். இவ்வளவு புளி வரை பத்திரம் என்று இதுவரை யாரும் வரையறுக்கவும் இல்லை.

செய்ய வேண்டியது சின்ன வேலை. குழம்பு ஊற்றுவதற்கு முன்பே நாயின் பங்குச் சாதத்தை எடுத்து வையுங்கள். புளி ஜாடியையும் திராட்சையையும் எட்டாத இடத்தில் வையுங்கள். சாக்லேட்டும், சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லாத சூயிங்கமும் கூடவே கூடாது. தின்றுவிட்டதா? உப்புத் தண்ணீரைப் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே நாய்க்கு ஆபத்து. வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு... மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.