சுடரில்லாச் சூடு

மரத்தில் ஏறிய பழைய பெயின்டை உரிக்கவும், கம்பி இணைப்பின் மேல் போர்த்திய பிளாஸ்டிக் குழாயைச் சுருக்கவும், கைபேசிப் பலகையிலிருந்து சிப்பைக் கழற்றவும் இன்று பயன்படும் ஹீட் கன் வயதில் இளையது. அது செய்யும் வேலை மிகப் பழையது. ஒரு சிறிய இடத்தில் மட்டும், வேண்டிய நேரத்துக்கு மட்டும் சூட்டைக் குவிப்பதுதான் அந்த வேலை. அதை நெடுங்காலமாகச் செய்துவந்தவர்கள் பொற்கொல்லர்கள். விளக்குச் சுடரின் ஓரத்தில் ஊதுகுழலை வைத்து ஊதினால், சோம்பி எரியும் மஞ்சள் சுடர் ஊசிபோல் நீண்டு, பொடிவைத்த இடத்தை மட்டும் உருக்கும். தமிழ்நாட்டுப் பத்தர்களின் பட்டறையிலும் குமுட்டிக்குப் பக்கத்தில் இந்தக் குழல் தவறாமல் இருந்தது. கன்னத்தில் காற்றை நிறுத்தி, மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே வாயால் விடாமல் ஊதுவது பல மாதப் பழக்கத்தில் வரும் வித்தை.

18ஆம் நூற்றாண்டில் இதே குழலைச் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர்கள் ஆய்வுக் கருவியாக்கினார்கள். கல்லின் ஒரு துணுக்கைக் கரித்துண்டின் மேல் வைத்துச் சுடரை ஊதி, அது உருகுகிறதா, நிறம் மாறுகிறதா, புகை விடுகிறதா என்று பார்த்து, உள்ளே இருக்கும் உலோகத்தைக் கண்டுசொன்னார்கள். இவர்களில் முன்னோடியான ஆக்சல் குரோன்ஸ்டெட் 1751இல் நிக்கல் என்ற தனிமத்தைக் கண்டறிந்தார். ஹீட் கன்னின் வயிற்றில் இன்று சிவக்கும் கம்பியில் பெரும்பங்கு அந்த நிக்கல்தான்.

மனித மூச்சை நம்பியிருந்த கருவிக்கு வீட்டுச் சுவரோ கப்பல் பக்கமோ எட்டாத பரப்பு. அதை மாற்றியவரும் சுவீடன்காரரே. கார்ல் ரிச்சர்டு நைபெரி 1882இல் ஸ்டாக்ஹோமில் பட்டறை வைத்து, எரிபொருளை ஆவியாக்கி எரிக்கும் கைவிளக்கைச் செய்யத் தொடங்கினார். தமிழில் புளோ லேம்ப் என்று அறியப்படுவது இதுதான். பித்தளைக் கலத்தில் காற்றழுத்தம் ஏற்றினால் எரிபொருள் மேலேறும். முன்பே சூடேறிய குழாயில் அது ஆவியாகி, நுண்துளை வழியே சீறிக் காற்றோடு கலந்து, புகையில்லாமல் நீலமாக எரியும். பட்டறை பிறகு சுந்துபைபெரி என்ற ஊருக்குப் போனது. மாக்ஸ் சீவெர்ட் என்பவர் விற்பனையை எடுத்துக்கொள்ள, விளக்கு நாடு நாடாகப் பரவியது. ஆவியாக்கி எரிக்கும் இந்த முறையில்தான் 1892இல் பிரான்ஸ் வில்லெம் லிண்டுக்விஸ்டின் பிரைமஸ் அடுப்பும் வந்தது. நம் வீடுகளில் சிலிண்டர் வருவதற்கு முன் பம்ப் அடித்துப் பின் குத்திய மண்ணெண்ணெய் ஸ்டவ் அந்தக் குடும்பம். அதனால் புளோ லேம்ப்பின் இயல்பு நம்மவர்களுக்குப் புதிதல்ல: தட்டில் ஊற்றிய எண்ணெய் எரிந்து தலை சூடேறும் முன் அவசரப்பட்டுத் திறந்தால், நீலச் சுடருக்குப் பதில் எண்ணெயே பற்றிக்கொண்டு பீறிடும்.

ஐரோப்பியப் பெயின்டர்களுக்கு இந்த விளக்கு பெரிய வரம். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த பெயின்ட் அங்கே ஜன்னலிலும் கதவிலும் பத்துப் பன்னிரண்டு அடுக்குகளாக ஏறியிருக்கும். ஒரு கையில் விளக்கு, மறு கையில் சுரண்டி. சுடர் ஓரிடத்தில் நிற்கக் கூடாது. பெயின்ட் கொப்புளித்து எழும்பும் கணத்தில் சுடரை விலக்கி, ஆறுவதற்குள் சுரண்டிவிட வேண்டும். ஒரு கணம் தாமதித்தால் மரம் கருகும். கண்ணாடி பதித்த சட்டத்தில் கண்ணாடி வெடிக்கும்.

கண்ணுக்குத் தெரியாத கேடு வேறொன்று. அந்தப் பெயின்டின் வெண்மைக்குக் காரணம் வெள்ளை ஈயம். 327 டிகிரி செல்சியஸில் உருகும் ஈயம், சூடு கூடக் கூடப் புகையாகி மூச்சில் ஏறும். ஈயத்தால் வரும் கடும் வயிற்றுவலிக்கும் மணிக்கட்டு தொங்கிப்போகும் வாதத்துக்கும் பெயின்டர்கள் பல தலைமுறைகளாகப் பலியானவர்கள். கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளை ஈயப் பூச்சைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921இலேயே நிறைவேற்றியது. அமெரிக்கா வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடைசெய்ய 1978 ஆனது. இந்தியாவில் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2016ஆம் ஆண்டு விதிகளால் வகுக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தடை புதுப் பெயின்டைத்தான் தடுக்கும். ஏற்கெனவே பூசியது கதவிலேயே இருக்கும்.

தீ விபத்துகளின் கதை தனி. இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸில் உள்ள அப்பார்க் மாளிகை 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸின் தாய் வீட்டு மேற்பார்வையாளராக வேலைபார்த்த இடம் அது. 1989 ஆகஸ்ட் 30 அன்று, கூரையின் ஈயத் தகட்டைச் செப்பனிடத் தொழிலாளர்கள் பயன்படுத்திய சுடர் மரத்தில் பற்றி, மேல்தளங்கள் முழுதும் எரிந்து விழுந்தன. ஓவியங்களும் மேசை நாற்காலிகளும் பெருமளவு வெளியே எடுக்கப்பட்டன. கட்டடத்தைச் சீராக்கி 1995இல்தான் மீண்டும் திறக்க முடிந்தது. கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள பொந்துகளில் காய்ந்த சருகும் பறவைக்கூடும் மரத்தூளும் சேர்ந்திருக்கும். அங்கே புகுந்த பொறி யார் கண்ணிலும் படாமல் வெகுநேரம் கனன்று, வேலையாட்கள் போன பின்புகூட எரியத் தொடங்கலாம்.

சுடரே இல்லாமல் சூட்டைத் தரும் வழி மின்சாரத்தோடு வந்தது. அதற்குத் தேவை, செந்நிறமாகச் சூடேறியும் காற்றில் துருப்பிடித்து உதிராத கம்பி. அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலையும் குரோமியத்தையும் கலந்து அதைச் செய்து 1906இல் காப்புரிமை பெற்றார். ரொட்டி சுடும் கருவி, இஸ்திரிப்பெட்டி, தலைமுடி உலர்த்தி எல்லாம் இந்த நிக்ரோம் கம்பியின் பிள்ளைகள். ஹீட் கன் தலைமுடி உலர்த்தியின் முரட்டு அண்ணன்: உள்ளே அதே மோட்டார், அதே விசிறி. பீங்கானிலோ மைக்காவிலோ சுற்றிய கம்பி மட்டும் பல மடங்கு சூடேறும். மூக்கில் வரும் காற்று 500, 600 டிகிரியைத் தொடும்.

இந்தக் கருவிக்குப் பெயின்டைவிடப் பெரிய வேலையைக் கொடுத்தது பிளாஸ்டிக். பாலிஎத்திலீனைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். பிறகு சூட்டில் விரித்துக் குளிரவைத்த குழாய், மறுபடி சூடு பட்டதும் பழைய அளவுக்கே சுருங்கும். பால் குக் 1957இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ரேகெம் நிறுவனம் இதைத் தொழிலாக்கி, கம்பி இணைப்புகளுக்கு உறையாக விற்றது. நெருப்புச் சுடர் அந்த உறையைப் பொசுக்கிவிடும். சூட்டுக்காற்று சுற்றிலும் சீராகத் தழுவும்.

சுடர் போனாலும் விளக்குக் காலத்து எச்சரிக்கைகள் பாதி அப்படியே நிற்கின்றன. 600 டிகிரிக் காற்று மரத்தைப் பற்றவைக்கப் போதும். கூரைப் பொந்தில் புகுந்தால் அது நெருப்பைப் போலவே வேலைசெய்யும். தின்னர் பக்கத்தில் இருக்கக் கூடாது. முனையைப் பரப்பிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஈயப் பெயின்ட் இருக்கும் வீடுகளில் 1,100 ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 593 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு தரும் ஹீட் கன்னை அமெரிக்க விதிகள் தடைசெய்கின்றன. அந்த வரம்புக்குள் இருந்தாலும் முகமூடியும் திறந்த ஜன்னலும் தேவை. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அங்கே இருக்கவே கூடாது.

மின்சாரம் கூட்டிய புதுக் கவலைகளும் உண்டு. 2,000 வாட் கருவி 230 வோல்ட்டில் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். நம் வீட்டுச் சின்ன பிளக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரும் அதைத் தாங்காது, 15 ஆம்பியர் பிளக்கே வேண்டும். காற்று நுழையும் பின்பக்கத்தை மூடிப் பிடித்தால் கம்பி தன் சூட்டிலேயே தீய்ந்துவிடும். இதனால்தான் வேலை முடிந்ததும் சூட்டைக் குறைத்து, விசிறியைக் கொஞ்சநேரம் ஓடவிட்டு அணைக்கிறார்கள். அணைத்த பிறகும் முனை பல நிமிடங்கள் தோலைச் சுடும்.

மின்னணுப் பலகைகளில் உதிரிகள் கடுகளவு சிறுத்தபோது, சூட்டுக்காற்று அங்கேயும் புகுந்தது. சென்னை ரிச்சி தெரு முதல் சிற்றூர்க் கடைகள் வரை கைபேசி பழுதுபார்ப்பவரின் மேசையில் டிகிரி காட்டும் ஹாட் ஏர் இயந்திரம் உண்டு. ஈயம் இங்கே வேறு வேடத்தில் வருகிறது. வெள்ளீயமும் ஈயமும் கலந்த பழைய சால்டர் 183 டிகிரியில் உருகியது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்திய பின் பரவிய கலவைக்கு 217 டிகிரி வேண்டும். கூடுதல் சூடு பக்கத்துப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடுமென்பதால், சூடு தாங்கும் டேப்பால் அக்கம்பக்கத்தை மறைத்து, பேட்டரியை முதலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் காற்றைத் திறக்கிறார்கள்.