உறக்கத்தின் கணக்கு

உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நிற்கும் நோய் முற்றியவர்க்கு, முன்னாளில் கழுத்தில் துளையிடும் அறுவையே புகலாக இருந்தது. 1980-ஆம் ஆண்டில், சிட்னி நகரில், காலின் சல்லிவன் என்னும் மருத்துவர் மூக்கு வழியே இடைவிடாது காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைத்தார். 1981-இல் அம்முறையை வெளியிட்டார். அன்று நோயாளியின் உறக்கத்தை மருத்துவர்கள் அருகிருந்து நோக்கினர். இன்றோ, வீட்டிலுள்ள கருவியே இரவெல்லாம் கணக்கெழுதுகின்றது.

அக்கணக்கைப் படிப்பது எவ்வாறு? மூச்சு பத்து விநாடியேனும் நிற்பதும் குறைவதும் மணிக்கு எத்தனை முறை என்பதே அதன் தலையாய எண். அது 5-க்குக் கீழிருத்தல் நன்று. ஆயினும், அணிந்திருந்த நேரத்தின் சராசரியே அது. கழற்றி வைத்தபின் நிகழ்ந்தவற்றைக் கருவி அறியாது. காற்று மிகக் கசிந்தாலும் கணக்குப் பிழைபடும். வருகைப் பதிவேட்டைப் பாராமல் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மாணவனை மெச்சலாமா? எனவே நேயர்களே, அணிந்த நேரம், கசிவு, எண் ஆகிய மூன்றையும் சேர்த்தே நோக்குங்கள். பகலிலும் தூக்கம் வாட்டுமாயின், அப்பதிவுகளுடன் மருத்துவரை நாடுங்கள்.