இஸ்லாம் பிறந்த வரலாறு



நோன்பு மாதத்திலே, பள்ளி இடைவேளையின்போது, ஒரு பிள்ளை மட்டும் சிற்றுண்டிச் சாலைப் பக்கம் போகாமல் வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "ஒரு வாய் தண்ணிதானே, குடிச்சிடு! யாருக்குத் தெரியப் போகுது?" என்று சீண்டுகிறவர்களும் உண்டு. விளையாட்டாகச் சொன்னதுதான், ஆனாலும் அந்தப் பிள்ளையின் மனம் நோகும். ஏன் நோகும் என்பது புரிய வேண்டுமானால் இஸ்லாம் பிறந்த வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். வாருங்கள், அரபு நாட்டுக்குப் போய் வருவோம்.

மக்கா நகரம் ஒரு வறண்ட பள்ளத்தாக்கு. அங்கே பயிர் விளையாது, வணிகந்தான் வாழ்வு. அந்நகரின் நடுவே கஅபா என்னும் பழைய வணக்கத்தலம் இருந்தது. பல குலத்தார் வணங்கிய உருவங்கள் அதிலே வைக்கப்பட்டிருந்தன. அந்த நகரிலே, குறைஷிக் குலத்தில், ஏறத்தாழ கி.பி. 570-இல் நபிகள் நாயகம் முகம்மது பிறந்தார். பிறக்கும் முன்பே தந்தை மறைந்தார். ஆறு வயதிலே தாயும் மறைந்தார். முதலில் பாட்டனாரும், பின்னர் பெரிய தந்தையார் அபூதாலிபும் அவரை வளர்த்தார்கள். வளர்ந்து வணிகரானபோது, அவருடைய நேர்மையைக் கண்ட மக்கள் 'அல் அமீன்', அதாவது 'நம்பிக்கைக்கு உரியவர்' என்று அழைத்தார்கள். கதீஜா என்ற வணிகப் பெருமாட்டி அவரை மணந்துகொண்டார்.

கி.பி. 610-இல், ஹிரா என்னும் மலைக்குகையிலே தனித்திருந்தபோது அவருக்கு இறைச்செய்தி வந்தது என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. முதலில் வந்த வசனங்கள் ஓதுவதைப் பற்றியும் எழுதுகோலைப் பற்றியும் பேசுகின்றன. பள்ளிப் பிள்ளைகளாகிய உங்களுக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி இல்லையா? இப்படி இருபத்து மூன்று ஆண்டுகளில் வந்த வசனங்களே 114 அத்தியாயங்கள் கொண்ட திருக்குர்ஆன்.

"இறைவன் ஒருவனே, அவன்முன் எல்லாரும் சமம்" என்ற போதனை மக்காவின் செல்வர்களுக்குப் பிடிக்கவில்லை. ஏழைகளும் அடிமைகளும் துன்புறுத்தப்பட்டார்கள். பிலால் என்ற கறுப்பின அடிமையைச் சுடுமணலில் கிடத்தி, மார்பிலே பாறையை ஏற்றினார்கள். அவர் கொள்கையை விடவில்லை. பின்னாளில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கை முதன்முதலில் சொன்னவர் அந்தப் பிலால்தான்!

துன்பம் தாங்காமல் ஏறத்தாழ கி.பி. 615-இல் சிலர் கடல் கடந்து அபிசீனியாவுக்குப் போனார்கள். அந்நாட்டு அரசர் நஜ்ஜாஷி ஒரு கிறித்துவர். அவர்களைத் திருப்பி அனுப்பும்படி மக்காவிலிருந்து தூதர்கள் பரிசுகளோடு வந்து கேட்டார்கள். அரசர் அவசரப்படவில்லை. அகதிகளையே அழைத்து, "உங்கள் சமயம் என்ன சொல்கிறது?" என்று விசாரித்தார். ஏசுநாதரின் அன்னை மரியம் பற்றிய குர்ஆன் வசனங்களை அவர்கள் ஓதினார்கள். கேட்டு மனம் உருகிய அரசர் அவர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்துவிட்டார் என்று இஸ்லாமிய வரலாறு சொல்கிறது. இந்த அரசரை மறந்துவிடாதீர்கள். கடைசியில் இவரிடம் திரும்ப வருவோம்.

கி.பி. 622-இல் நபிகள் நாயகமும் மக்காவை விட்டு மதீனாவுக்குக் குடிபெயர்ந்தார். இதுவே ஹிஜ்ரத். முஸ்லிம்களின் ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு இதிலிருந்துதான் தொடங்குகிறது. அதன்பின் போர்களும் உடன்படிக்கைகளும் நடந்தன. 630-இல் மக்கா அவர் வசமாயிற்று. தம்மை விரட்டிய மக்களிலே பெரும்பாலோரை அவர் மன்னித்தார். 632-இல் மதீனாவிலே மறைந்தார்.

சரி, முஸ்லிம்களின் கடமைகள் என்ன? ஐந்து. இறைவன் ஒருவன், முகம்மது அவன் தூதர் என்று உறுதி கூறும் கலிமா முதலாவது. நாளுக்கு ஐந்து வேளை கஅபாவின் திசை நோக்கித் தொழுவது இரண்டாவது. ரமலான் மாதத்திலே நோன்பு நோற்பது மூன்றாவது. ஓராண்டு கையிலிருக்கும் சேமிப்பு குறிப்பிட்ட அளவை எட்டினால், அதிலே நூற்றுக்கு 2.5 பங்கை ஏழைகளுக்கு உரியதாகக் கொடுக்கும் ஜகாத் நான்காவது. வசதியும் உடல்நலமும் உள்ளவர்கள் வாழ்நாளில் ஒரு முறை மக்கா செல்லும் ஹஜ் ஐந்தாவது.

நோன்பு என்றால் வெறும் பட்டினி அன்று. விடியலிலிருந்து சூரியன் மறையும்வரை உணவும் இல்லை, நீரும் இல்லை. பொய்யும் புறங்கூறலும் கூடாது. நோயாளிகளுக்கும் பயணிகளுக்கும் சலுகை உண்டு. சிறு பிள்ளைகளுக்குக் கட்டாயமே இல்லை. தனியே இருக்கும்போது ஒரு மிடறு குடித்தால் மனிதர் யாருக்கும் தெரியாதுதான். ஆனால் இறைவனுக்குத் தெரியும் என்பதல்லவா நோன்பின் உயிர்? "யாருக்குத் தெரியப் போகுது?" என்ற கேலி எங்கே போய்க் குத்துகிறது என்று இப்போது புரிகிறதா?

இன்னொரு சந்தேகமும் உங்களுக்கு இருக்கும். தீபாவளி ஐப்பசியை ஒட்டியே வருகிறது. நோன்புப் பெருநாள் மட்டும் ஏன் வருஷா வருஷம் முன்னால் வருகிறது? ஹிஜ்ரி ஆண்டு முழுக்க முழுக்கப் பிறைக் கணக்கு. அதற்கு 354 அல்லது 355 நாள்கள். ஆகவே ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முந்திக்கொள்ளும். 2000-ஆம் ஆண்டிலே ஜனவரியில் ஒரு பெருநாளும் டிசம்பரில் ஒரு பெருநாளுமாக இரண்டு வந்ததே, உங்கள் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள்!

இந்தச் சமயம் வணிகர்களோடும் ஞானிகளோடும் கடல் வழியே நம் நாட்டுக்கு வந்தது. வந்த இடத்து மொழியை அது விரட்டவில்லை. மலாய்க்காரர்கள் நோன்பைப் 'புவாசா' என்கிறார்கள்; அது 'உபவாசம்' என்ற வடசொல்லின் வழி வந்தது. தமிழ் முஸ்லிம்களோ தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்று நல்ல தமிழிலேயே சொல்கிறார்கள். உமறுப் புலவர் நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சீறாப்புராணம் என்ற காப்பியமாகத் தமிழிலே பாடினார். தமிழ் ஒரு சமயத்தாருக்கு மட்டும் சொந்தமான மொழி அன்று, கண்மணிகளே!

அடுத்த நோன்பு மாதத்திலே, இடைவேளையில் தனியே அமர்ந்திருக்கும் உங்கள் தோழனிடம் போங்கள். அபிசீனிய அரசர் செய்ததைப்போல, முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். பரிசு மேடை ஏறாவிட்டாலும், அந்தப் பண்பு உங்களிடம் இருந்தால் அதுவே இப்பள்ளிக்குப் பெருமை.