சுவர் கேட்கும் விலை: பந்தய வீடியோ கேம்களில் வண்டிச் சேதம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள மார்ட்டின்ஸ்வில் பந்தயத்தளம் சிறியது. ஒரு சுற்று அரை மைலுக்குச் சற்றே கூடுதல்; இரு கோடியிலும் இறுக்கமான வளைவுகள். 2022 அக்டோபர் 30 அன்று அங்கே நடந்த நாஸ்கார் ஸ்டாக் கார் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் ராஸ் சாஸ்டெய்ன் பத்தாவதாக வந்துகொண்டிருந்தார். பட்டத்துக்குப் போட்டியிடும் நால்வரில் ஒருவராக வேண்டுமென்றால் இன்னும் இரண்டு இடமாவது முன்னேறியாக வேண்டும். வளைவு நெருங்கியதும் மற்றவர்கள் பிரேக்கை மிதித்தார்கள். இவர் ஐந்தாம் கியருக்கு மாற்றி, ஆக்சிலரேட்டரை அடிவரை அழுத்தி, வண்டியின் வலப்பக்கத்தை வெளிச்சுவரில் சாய்த்துவிட்டார். ஸ்டியரிங்கை ஏறக்குறைய விட்டேவிட்டதாகப் பிறகு சொன்னார். வண்டியைத் திருப்பியது சுவர்தான். ஐந்து வண்டிகளைக் கடந்து, முடிவுக்கோட்டில் டென்னி ஹாம்லினை முந்தி ஐந்தாவதாக வந்தார். அந்தச் சுற்றுக்குப் பிடித்த நேரம் 18.845 வினாடி. அத்தளத்தில் எந்த ஸ்டாக் காரும் அதுவரை அவ்வளவு வேகமாகச் சுற்றியதில்லை.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். சிறுவயதில் கேம்கியூப் கருவியில் நாஸ்கார் 2005 விளையாடியபோது செய்து பார்த்தது என்றார் சாஸ்டெய்ன்.

பந்தய வீடியோ கேம்களில் வண்டிச் சேதம் மெய்யாக இருக்க வேண்டுமா என்ற வாதம் பெரும்பாலும் தகரத்தைப் பற்றியே நடக்கிறது. பம்பர் கழன்று தொங்குகிறதா, கண்ணாடி விரிசல் விடுகிறதா, கதவில் விழும் ஒடுக்கு மோதிய கோணத்துக்குப் பொருந்துகிறதா என்று படத்துக்குப் படம் ஒப்பிடுவார்கள். மார்ட்டின்ஸ்வில் சம்பவம் வேறொரு கேள்வியை எழுப்புகிறது: சுவரைத் தொட்டால் என்ன விலை, அந்த விலையை எப்போது கட்ட வேண்டும்? சேதத்தின் மெய்ம்மையை அளக்க வேண்டிய இடம் அதன் நீடிப்பு என்பது என் வாதம். செய்த பிழை எத்தனை சுற்றுக்கு, எத்தனை பந்தயத்துக்கு ஓட்டுநரோடு கூடவே வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தகரம் எப்படி நசுங்குகிறது என்பது அதற்கு அடுத்த பேச்சு.

முதலில் இயற்பியல். ஒரு வளைவை எவ்வளவு வேகத்தில் எடுக்கலாம் என்பதற்கு வரம்பு கட்டுவது டயரின் பிடிப்பு. பிடிப்பு தாங்காத வேகத்தில் போனால் வண்டி வெளியே வழுக்கும். அதற்காகத்தான் பிரேக். சுவரில் சாய்ந்துகொண்டால் மையத்தை நோக்கித் தள்ளும் விசையைச் சுவரே கொடுத்துவிடுகிறது; டயரின் வரம்பு பொருட்டில்லை. இழப்பதெல்லாம் உரசலில் போகும் வேகமும் உரசலில் போகும் வண்டியும்தான். கேமில் இரண்டாவது இழப்பைப் பூஜ்யமாக்கி, முதலாவதையும் குறைத்து வைத்தால், சுவர் ஒரு தண்டவாளம் ஆகிவிடும். பத்து வயதுப் பையன் இதை ஒரே மாலையில் கண்டுபிடித்துவிடுவான்.

சாஸ்டெய்னின் சூத்திரம் நிஜத்தில் பலித்ததற்குக் காரணம், அது கடைசிச் சுற்று என்பதே. அடுத்த வளைவு இல்லை. ஆகவே அந்த வண்டிக்கு அன்று எதிர்காலமும் இல்லை. ஐம்பதாவது சுற்றில் இதையே செய்திருந்தால் ஐம்பத்தொன்றாவது சுற்றில் அது ஓரமாக நின்றிருக்கும். 2008 செப்டம்பரில் கன்சாஸில் நடந்த நாஸ்கார் பந்தயத்தில் கார்ல் எட்வர்ட்ஸ் செய்ததும் இதே வகை. கடைசிச் சுற்றில் ஜிம்மி ஜான்சனை முந்துவதற்காக வளைவுக்குள் கண்மூடித்தனமாகப் பாய்ந்து சுவரில் மோதினார். ஒரு கணம் முந்தவும் செய்தார். ஆனால் சுவர் வேகத்தைப் பிடுங்கிக்கொண்டது, ஜான்சன் வென்றார். இவரும் வீடியோ கேமைத்தான் நினைவுகூர்ந்தார். இருவருமே கடைசிச் சுற்றுவரை காத்திருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சேதமில்லாத கேமில் எல்லாச் சுற்றும் கடைசிச் சுற்றுதான்.

கேம்களின் வரலாற்றில் இந்த விலை பல விதமாக வசூலிக்கப்பட்டிருக்கிறது. 1982இல் வந்த நாம்கோவின் போல் பொசிஷனில் விளம்பரப் பலகையில் மோதினால் வண்டி வெடித்துச் சிதறும். சில நொடிகளில் புது வண்டி வந்து நிற்கும். பார்வைக்குப் பேரழிவு, உண்மையில் சில வினாடி அபராதம். பார்க்கிங் தொகை போல. 1990களின் தொடக்கத்தில் ஜெஃப் கிராமண்ட் உருவாக்கிய ஃபார்முலா ஒன் கிராண்ட் ப்ரீயில் ‘அழியாமை’ என்பது ஓட்டுநர் விரும்பினால் எடுத்துக்கொள்ளக்கூடிய ஓர் உதவி. தானாகப் பிரேக் பிடிப்பது, தானாகக் கியர் மாற்றுவது ஆகியவற்றோடு அதே வரிசையில் அது நின்றது. இதைவிட நேர்மையான வகைப்பாட்டை நான் பார்த்ததில்லை. சைக்கிளின் பக்கச் சக்கரம் போல, பழகும்வரை வைத்துக்கொள், பிறகு கழற்றிவிடு என்று அது சொன்னது.

அந்தப் பக்கச் சக்கரத்தையே வண்டியோடு சேர்த்துப் பற்றவைத்தது கிரான் டூரிஸ்மோ. கசுனோரி யமாவுச்சியின் தலைமையில் உருவாகி 1997இல் வெளியான முதல் கேம், சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் கடினத்தையும் கியர் விகிதத்தையும் ஓட்டுநரே மாற்றிக்கொள்ள விட்டது. உண்மை வண்டியின் மீது இவ்வளவு பக்தி கொண்ட கேம் அதற்கு முன் வீட்டுக் கருவிகளில் வந்ததில்லை என்றே சொல்லலாம். ஆனால் அந்த வண்டியைச் சுவரில் முழு வேகத்தில் அறைந்தாலும் பெயிண்ட் கூடப் போகாது. 2010இல் ஐந்தாம் பாகம் வரும்வரை முதன்மைத் தொடரில் நிலைமை இதுதான். விளைவு எல்லோருக்கும் தெரியும்: வளைவில் முன்னால் போகும் வண்டியின் பக்கவாட்டில் மோதி, அதையே பிரேக்காகப் பயன்படுத்தித் திரும்புவது. ஸ்பிரிங்கில் அரை மில்லிமீட்டர் திருத்தி மிச்சம் பிடித்த நேரமெல்லாம் இந்த ஒரு முரட்டுத்தனத்தின் முன்னால் ஒன்றுமில்லை.

உரிமம் கொடுக்கும் கார் நிறுவனங்கள் தங்கள் வண்டி நொறுங்குவதைப் பார்க்க விரும்பமாட்டா என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். முழு விளக்கமாக அது நிற்காது. 1999இல் வந்த நீட் ஃபார் ஸ்பீட்: ஹை ஸ்டேக்ஸில் உரிமம் பெற்ற, பெயர் தெரிந்த வண்டிகள்தான் ஓடின. அவை நசுங்கின, பந்தயம் முடிந்ததும் பழுதுபார்க்கும் செலவு பரிசுப்பணத்திலிருந்து போனது. அதன் பிளேஸ்டேஷன் பதிப்பில் இன்னொரு ஏற்பாடு இருந்தது. இரண்டு பேர் ஆளுக்கொரு மெமரி கார்டைச் செருகி, வண்டியையே பணயம் வைத்துப் போட்டியிடலாம். தோற்றவர் கார்டிலிருந்து வண்டி போய்விடும். அன்றைய திரையில் ஒடுக்கு என்பது நாலு முக்கோணம் கோணலாவதுதான். ஆனாலும் அந்தக் கார்டைச் செருகும் கை நடுங்கும். இன்றைய பளபளப்பான சேதக் காட்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் திராணி கிடையாது.

நீடிக்கும் சேதம் ஓட்டுவதை எப்படி மாற்றுகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். கோட்மாஸ்டர்ஸின் 2015ஆம் ஆண்டு கேமான டர்ட் ராலியில் ஓர் இரவுக் கட்டம். காட்டுப் பாதை. ஒரு வளைவில் உள்முனையைச் சற்று அதிகமாக வெட்டியதில் இடது முன்பக்கம் மரத்தடி ஒன்றில் இடித்துவிட்டது. இடித்த சத்தம் பெரிதில்லை. ஆனால் ஒரு பக்க விளக்கு போய்விட்டது. பாதையின் இடது ஓரம் இருளில் கரைந்துவிட்டது. இன்னொன்று அரை நிமிடம் கழித்துத்தான் உறைக்கிறது. நேர்ப்பாதையில் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் போகிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் தினமும் கேட்கும் வாக்கியம் இது: “வண்டி ஒரு பக்கமா இழுக்குது.” திரைக்கு வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதில் காண ஒன்றுமில்லை. ஓட்டுபவருக்கோ எல்லாமே மாறிவிட்டது. வலது வளைவுகளுக்கு முன்கூட்டியே பிரேக் பிடிக்கிறார். இடது வளைவுகளில் வண்டி தானே உள்ளே விழுமென்று பயந்து தளர்த்துகிறார். பக்கத்து இருக்கையில் வழி சொல்பவரின் குரல் பழைய வேகத்துக்கான குறிப்புகளை வாசித்துக்கொண்டே இருக்கிறது. வண்டி கெட்டது அதற்குத் தெரியாது. கட்டம் முடிந்து சர்வீஸுக்குப் போனால் அங்கேயும் நேரம் அளந்துதான் கிடைக்கும். விளக்கைப் பார்ப்பதா, ரேடியேட்டரைப் பார்ப்பதா, அலைன்மென்ட்டைச் சரிசெய்வதா? கூடுதல் நேரம் எடுத்தால் அது தண்டனையாகக் கணக்கில் ஏறும். அந்த ஓர் இடிக்கு இவ்வளவு நீளமான வால்.

இந்த வாலை ஒரே பொத்தானில் வெட்ட முடியும். 2008இல் வந்த ரேஸ் டிரைவர்: கிரிட், வண்டி நொறுங்குவதை அன்று வியக்கத்தக்க அளவில் காட்டியது. அதே கேம்தான் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் வசதியையும் பந்தய கேம்களில் பிரபலமாக்கியது. அதில் அவ்வசதிக்கு எண்ணிக்கை வரம்பு இருந்தது. அடுத்த ஆண்டே ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 3 வரம்பையும் எடுத்துவிட்டது. கற்பவருக்கு இது பெரிய உதவி என்பதை மறுக்கமாட்டேன். ஒரே வளைவை இருபது முறை பழகலாம். ஆனால் சேதத்தை வடிவமைக்க ஒரு குழு மாதக்கணக்கில் உழைக்க, அதை ரத்துசெய்ய ஒரு விரல் போதும் என்றால், அந்தச் சேதம் வெறும் அலங்காரம்.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று பர்ன்அவுட் 3. கிரைடீரியன் நிறுவனம் உருவாக்கி 2004இல் வெளிவந்த இந்த கேமில் மோதுவதே மகிழ்ச்சி. வண்டிகள் கற்பனைப் பெயர் கொண்டவை, யாரும் கோபிக்கமாட்டார்கள். நொறுங்கியதும் மறு வண்டி வருகிறது. என் அளவுகோலில் இதன் மதிப்பெண் பூஜ்யம், ஆனாலும் இது நல்ல கேம். இதில் முரண் இல்லை. அது மத்தாப்பு, மத்தாப்பிடம் யாரும் மறுநாள் கணக்குக் கேட்பதில்லை. இன்னும் சுவையான சான்று, ஜெர்மனியின் பிரேமன் நகரத்தில் உருவாகும் பீம்என்ஜி டிரைவ். அதில் வண்டி என்பது எடையுள்ள புள்ளிகளும் அவற்றை இணைக்கும் விறைப்பான கம்பிகளும் சேர்ந்த ஒரு கூடு. அதன் நிலையை நொடிக்கு 2000 முறை கணக்கிடுகிறார்கள். நசுங்குவதில் இதற்கு இணை சொல்ல எனக்கு வேறு கேம் தெரியவில்லை. ஆனால் பெரும்பாலோர் அதில் செய்வது என்ன? மலையுச்சியிலிருந்து உருட்டிவிட்டு, ஒரு விசையைத் தட்டி முழு வண்டியைத் திரும்ப வரவழைத்து, மறுபடி உருட்டுவது. அதை ஆய்வுக்கூடம் என்பேன். நசுங்கலின் துல்லியம் தன்னளவில் பந்தயத்தை உண்டாக்கிவிடாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தகரத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், ஏனெனில் கேம்கள் இதைத் தலைகீழாகக் கற்பிக்கின்றன. நசுங்காத வண்டி நல்ல வண்டி என்று கேம் நினைக்கவைக்கிறது. மெர்சிடிஸ் பொறியாளர் பேலா பாரெனி 1950களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற கருத்து இதற்கு நேர் எதிரானது: முன்பக்கமும் பின்பக்கமும் நசுங்க வேண்டும்; நசுங்கி ஆற்றலைத் தின்ன வேண்டும்; நடுக்கூடு மட்டும் நிற்க வேண்டும். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. அதை யாராவது வாங்கிக்கொண்டே ஆக வேண்டும். சாஸ்டெய்ன் ஓட்டிய அதே 2022 பருவத்தில்தான் நாஸ்கார் புதிய தலைமுறை வண்டியைக் கொண்டுவந்தது. பின்பகுதி அளவுக்கு மீறி விறைப்பாக இருக்கிறது என்று ஓட்டுநர்கள் புகார் சொன்னார்கள். போகோனோ தளத்தில் ஜூலையில் பின்பக்கமாகச் சுவரில் மோதிய கர்ட் புஷ்ஷுக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டது. அவர் முழுநேரப் பந்தயத்துக்குத் திரும்பவே இல்லை. அடுத்த ஆண்டுக்குப் பின்பகுதி எளிதில் நசுங்கும்படி மாற்றப்பட்டது. வண்டி வாங்காத அடியை உடம்பு வாங்குகிறது. எனக்குத் தெரிந்த எந்த கேமும் இந்தக் கணக்கைக் காட்டுவதில்லை. காட்ட வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ‘முழு மெய்ம்மை’ என்று விளம்பரத்தில் போடும்போது இது விட்டுப்போயிருக்கிறது என்ற நினைவு இருந்தால் போதும்.

உடம்பு இல்லாததால்தான் இணையவழிப் பந்தயத்தில் சேதம் சிக்கலாகிறது. மோதுகிறவனுக்கு வலியில்லை, செலவில்லை. மோதப்பட்டவனின் ஒரு மணி நேரம் வீண். மெய்யான சேதத்தை மட்டும் கொடுத்து நிறுத்தினால் அது போக்கிரியின் கையில் ஆயுதம் கொடுத்ததாகிவிடும். நிஜ உலகமும் இதிலிருந்து தப்பவில்லை. 1990 ஃபார்முலா ஒன் பருவத்தில், சுசுகா தளத்தின் முதல் வளைவில், பட்டத்துக்குப் போட்டியிட்ட சென்னாவும் ப்ரோஸ்ட்டும் மோதி இருவரும் வெளியேறினார்கள். அந்தக் கணமே பட்டம் சென்னாவுக்கு. 1997இல் ஹெரெஸ் தளத்தில் ஷூமாக்கர், பட்டப் போட்டியாளரான வில்நெவ்வின் வண்டிமீது திரும்பினார். சரளைக்கல்லில் சிக்கி நின்றது அவர் வண்டிதான். அந்த ஆண்டின் தரவரிசையிலிருந்தே அவர் பெயர் நீக்கப்பட்டது. இரண்டுமே பருவத்தின் முடிவில் நடந்தவை. வண்டியின் சேதம் கேட்கும் விலை அங்கே அற்பம். வேறு கணக்குப் புத்தகம் தேவைப்பட்டது.

2008இல் தொடங்கிய ஐரேசிங் அந்தப் புத்தகத்தைத் தானே எழுதிக்கொண்டது. தளத்தை விட்டு விலகினால் ஒரு புள்ளி, கட்டுப்பாடு இழந்தால் இரண்டு, இன்னொரு வண்டியோடு பலமாக மோதினால் நான்கு. யார்மீது தவறு என்று மென்பொருள் விசாரிப்பதில்லை, இருவருக்கும் ஏறும். அநியாயம்தான், புதிதாகச் சேர்ந்தவர்கள் கொதிப்பார்கள். ஆனால் சில வாரங்களில் அவர்களே பக்கத்து வண்டிக்கு இடம்விட்டு ஓட்டத் தொடங்குகிறார்கள். ஏனெனில் அந்தப் புள்ளிகள் பந்தயத்தோடு முடிவதில்லை. உரிமத்தில் ஏறி, அடுத்து எந்த வண்டி ஓட்டலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. கிரான் டூரிஸ்மோவும் 2017ஆம் ஆண்டின் ஸ்போர்ட் பதிப்பில் இந்த வழிக்கு வந்தது: நன்னடத்தைக்கு ஒரு தரம், சுவரைப் பயன்படுத்தி நேரம் மிச்சப்படுத்தினால் வினாடிகளில் தண்டனை.

2023 பருவம் தொடங்கும் முன் நாஸ்கார் சாஸ்டெய்னின் உத்தியைத் தடுத்தது. அதற்கெனப் புது விதி எதையும் எழுதவில்லை. ஏற்கெனவே இருக்கும் பாதுகாப்பு விதியின்கீழ் இனி நடவடிக்கை உண்டு என்று மட்டும் அறிவித்தது. தண்டனை: நேரம் கூட்டப்படும்.